பீடி, சிகரெட்டை விட நினைப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவுவது எப்படி?

தொற்றா நோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதந்தோறும் வருபவரின் சட்டைப் பையில் பீடிக் கட்டு தெரிந்தால், பார்க்காததுபோல் இருந்துவிடாதீர்கள். தொடங்குவதற்கு மூன்று நிமிடம் போதும்.

1. கேளுங்கள்
"ஒரு நாளைக்கு எத்தனை?" என்பதைவிட, "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?" என்ற கேள்வி முக்கியம். அரை மணி நேரத்துக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி இறுக்கமாக இருக்கிறது. பதிலை நோயாளியின் அட்டையில் எழுதிவையுங்கள்.

2. அவருடைய நோயோடு சேர்த்துச் சொல்லுங்கள்
பொதுவாகப் புற்றுநோய் என்று பயமுறுத்துவது காதில் ஏறாது. "ஐயா, கால் புண் ஆறாமல் இருக்கச் சர்க்கரையோடு பீடியும் காரணம்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். இப்போது முடியாது என்கிறாரா? வற்புறுத்தாமல் அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

3. நாள் குறியுங்கள்
இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளை அவரே சொல்லட்டும். அதற்கு முந்தைய இரவே மிச்சப் பீடியும் லைட்டரும் வீட்டைவிட்டுப் போக வேண்டும். டீக்கடைப் பெஞ்சுதான் பலருக்குக் கண்ணி. முதல் சில வாரங்கள் வீட்டிலேயே டீ குடிக்கச் சொல்லுங்கள். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், எழுந்து நடக்கலாம்.

4. நிக்கோட்டின் கம்மை மெல்லும் முறையைக் கற்றுக்கொடுங்கள்
பீடி ஆசையைத் தணிக்க வாயில் மெல்லும் மருந்து இது. பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கிறது. 2 மி.கி., 4 மி.கி. என இரண்டு அளவுகள் உண்டு. எழுந்த அரை மணிக்குள் புகைப்பவருக்குப் பொதுவாக 4 மி.கி.; முடிவு மருத்துவருடையது. மிட்டாய்போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் எரிச்சலும் வரும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கி எறிந்துவிடுவார். சரியான முறை: காரச் சுவை வரும்வரை நிதானமாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் துப்பிவிடலாம். கம்மை வாயில் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, சோடா, பழச்சாறு கூடாது. அவை மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். உங்கள் முன்னாலேயே ஒன்றை மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

கர்ப்பிணிகளையும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால், வலிப்பு வந்ததுண்டா என்று கேளுங்கள். வந்திருந்தால் அது கூடாது.

5. தொடர்புகொள்ளுங்கள்
முதல் வாரம்தான் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருங்கள்; அந்த வாரத்தில் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசுங்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

"மறுபடி பிடித்துவிட்டேன்" என்று ஒருவர் தலைகுனிந்து வந்தால், தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த மாதம் மாத்திரைக்கும் வரமாட்டார். எங்கே, யாரோடு இருந்தபோது என்று கேட்டு, அட்டையில் புதிய தேதியை எழுதிக் கொடுங்கள்.