வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்போது வேலை மாறியது: என் அனுபவம்

தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, பத்திரப் பதிவுக்கு முன்னால் எனக்குப் புது வேலை கிடைத்தது. அதே துறை, சம்பளம் கூடுதல். உடனே வங்கி அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். இதை மறைக்கவே கூடாது; பணம் கொடுக்கும் முன் ஆபீசுக்குப் போன் போட்டு மறுபடி விசாரிக்கும் வங்கிகள் உண்டு.

"புது கம்பெனி பே ஸ்லிப் மூணு மாசத்துக்கு வேணும் சார்" என்றார். வீட்டை விற்பவர் அவ்வளவு நாள் பொறுப்பாரா?

ஆஃபர் லெட்டரை வரிவரியாகப் பார்த்தேன். ஆண்டுச் சம்பளத்தில் பெரிய பங்கு வேரியபிள் பே, அதாவது வேலைத் திறனைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் தொகை. வங்கி முக்கியமாகப் பார்ப்பது மாதாமாதம் நிலையாக வரும் தொகையை. அதனால் மொத்தம் கூடியும் கடன் தகுதி கூடவில்லை. எச்.ஆரிடம் பேசி, அதில் ஒரு பகுதியை மாதச் சம்பளத்துக்கு மாற்றி வாங்கினேன். கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பழைய இடத்தில் கடைசி நாள், திங்கள்கிழமை புது இடத்தில் சேர்ந்தேன். இடைவெளி இல்லை என்று காட்ட ரிலீவிங் லெட்டரோடு, எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தேன், எப்போது விலகினேன் என்று காட்டும் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியையும் கொடுத்தேன். ஆசிரியையான மனைவியை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தோம்.

வங்கி மேலாளர் விதிவிலக்கு கேட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். முதல் மாதப் பே ஸ்லிப்பும், சம்பளம் வரவான ஸ்டேட்மென்ட்டும் போதும் என்று பதில் வந்தது. விற்பவரிடம் பேசி ஒப்பந்தக் கெடுவை நீட்டி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அந்தத் தாள் இல்லாவிட்டால் கொடுத்த முன்பணத்துக்கே உத்தரவாதம் இல்லை.