ஜிகிளவுட் மூலம் எச்சரிக்கைக் கொள்கைகளை எடுத்துப் படித்தல்

கூகிள் கிளவுட்டின் மொனிட்டரிங் (கண்காணிப்பு) சேவையில் நாம் அமைத்த எச்சரிக்கைக் கொள்கைகளை, அதாவது எந்த அளவு வரம்பைத் தாண்டினால் யாருக்கு அறிவிப்பது என்ற விதிகளை, உலாவியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைவிட, ஜிகிளவுட் கட்டளைக் கருவியால் ஒரேயடியாக எடுத்துப் படிப்பது விரைவானது. மாற்றம் செய்யுமுன் பழைய நிலையின் பிரதி ஒன்றும் கையில் இருக்கும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டேர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் ‘ஜிகிளவுட் ஓத் லொகின்’ கொடுத்து உள்நுழைந்து, ‘ஜிகிளவுட் கொன்ஃபிக் செட் புறொஜெக்ட்’ என்பதன் பின் உரிய புறொஜெக்டின் (கிளவுட்டில் நம் சேவைகளைத் தொகுத்து வைக்கும் அலகின்) அடையாளத்தை இடவும். சோதனைக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என இரண்டு புறொஜெக்டுகள் வைத்திருப்போர் இங்கே அவசரப்படக் கூடாது. மற்றதில் நின்றுகொண்டு கேட்டால் பிழைச்செய்தி வராது, வேறொரு பட்டியல்தான் வரும். படிப்பதற்கு மொனிட்டரிங் வியூவர் அனுமதி போதும்.

அடுத்து, கொள்கைகளைப் பட்டியலிட ‘ஜிகிளவுட் மொனிட்டரிங் பொலிசீஸ் லிஸ்ட்’. கருவியின் பழைய பதிப்புகளில் ‘மொனிட்டரிங்’ என்பதற்கு முன் ‘அல்பா’ சேர்க்க வேண்டியிருக்கும். கொள்கைகள் புறொஜெக்டைச் சார்ந்தவை என்பதால், கொழும்பிலிருந்து நாம் இயக்கும் சேவையகம் மும்பையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் கட்டளை மாறாது. பட்டியல் நீண்டால் ‘ஃபில்டர்’ தெரிவில் காட்சிப்பெயரைக் கொடுத்துச் சுருக்கலாம். ஒரு கொள்கையை மட்டும் பார்க்க ‘லிஸ்ட்’ இருந்த இடத்தில் ‘டிஸ்க்ரைப்’ இட்டு, ‘நேம்’ புலத்தில் உள்ள, நீண்ட எண்ணில் முடியும் முழுப்பெயரை ஒட்டவும். ‘ஃபோமற்’ தெரிவுக்கு ஜேசன் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) கொடுத்து வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் அதுவே பிரதி.

வெளியீட்டில் வரம்பு மதிப்பையும், அதை எவ்வளவு நேரம் தாண்ட வேண்டும் என்ற கால அளவையும் பலர் பார்ப்பார்கள். அந்த அளவு விநாடிகளில் இருக்கும், 300 எனில் 5 நிமிடம். ‘எனேபிள்ட்’ புலம் ‘ஃபோல்ஸ்’ என்றிருந்தால் மற்றவை எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாதது அறிவிப்பு வழிகளின் பட்டியல். அது வெறுமையாக இருந்தாலும் சம்பவம் பதிவாகும், ஆனால் ஒருவருக்கும் செய்தி போகாது. அங்கே வழியின் அடையாளம் மட்டுமே இருக்கும், மின்னஞ்சல் முகவரி இராது. யாருக்குப் போகிறது என்றறிய ‘ஜிகிளவுட் பீட்டா மொனிட்டரிங் சனல்ஸ் டிஸ்க்ரைப்’ என்பதை அந்த அடையாளத்துடன் தனியாக ஓட்ட வேண்டும்.

கொள்கையைக் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்பதும் பதிவில் உண்டு. அந்த நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரம். 18:45 என்றிருந்தால் கொழும்பில் அது மறுநாள் 00:15. ஆகவே இரவுப் பணியில் இருந்தவரிடம் விசாரிக்குமுன் திகதியைச் சரிபார்த்துக்கொள்ளவும்.