மழையில் கெட்ட பயிற்சி, வெக்கையில் ஃபுல் மாரத்தான்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

சென்னையில் ஃபுல் மாரத்தானுக்கு (42 கிலோமீட்டர்) தயாராகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. போட்டி ஜனவரி முதல் வாரத்தில் வரும். பயிற்சி உச்சத்துக்குப் போக வேண்டியது நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் வாரங்களும் அவைதான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருவில் படகு விட்டார்கள். போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. புயல் வராத வருஷத்திலும் காய்ச்சல் வரும், கார்த்திகை முகூர்த்தக் கல்யாணங்கள் வரும், ஆபீஸில் வருஷக் கடைசி வேலை வரும். லாங் ரன் ஓட வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று காணாமல் போயிருக்கும்.

இது எல்லாருக்கும் நடப்பதுதான். இதனால் மட்டும் யாரும் ஆம்புலன்ஸில் ஏறுவதில்லை. ஆகஸ்டில் போட்ட திட்டத்தை அப்படியே ஜனவரியில் ஓடப் பார்ப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

விட்டதைப் பிடிக்கப் பார்ப்பது

மழை நின்றதும் முதல் ஞாயிறே 32 கிலோமீட்டர். அடுத்த ஞாயிறு இன்னொரு 32. நடுவில் புதன்கிழமை ஒரு வேக ஓட்டம். ரன்னர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இந்த மாதிரி ஸ்கிரீன்ஷாட்கள் வரிசையாக வந்து விழும்.

ஒரு நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர குறைந்தது பத்து நாளாவது ஆகும். களைப்பு அன்றைக்கே சேர்ந்துவிடும். போட்டிக்கு எட்டு நாள் முன்பு ஓடுகிற 30 கிலோமீட்டரால் கிடைப்பது மனத்திருப்தி மட்டும்தான். கெண்டைக்கால் பிடிப்பும் முழங்கால் வலியும் இலவசம். பெரிய லாங் ரன்னைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் 20, 22 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் கீழே வந்துவிட்டால் டேப்பர்தான் (போட்டிக்கு முன் ஓட்டத்தைக் குறைத்து உடம்பைத் தேற்றுவது), வேறு பேச்சே இல்லை.

என் கணக்கு ஒன்று சொல்கிறேன், பயிற்சியாளர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி ஆறு வாரத்தில் ஒருமுறைகூட 25 கிலோமீட்டரைத் தொடவில்லை என்றால், வெக்கையான ஊரில் ஃபுல் ஓட வேண்டாம். ஹாஃபுக்கு (21 கிலோமீட்டர்) மாறிக்கொள்ளுங்கள். பல போட்டிகளில் குறிப்பிட்ட தேதிவரை பிரிவு மாற்ற விடுவார்கள். அந்தத் தேதியை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏசி ஜிம் டிரெட்மில்லை முழுசாக நம்புவது

மழை நாட்களில் டிரெட்மில்லில் ஓடினேன், அதனால் பயிற்சி கெடவில்லை என்பார்கள். பாதி சரி. நுரையீரலும் காலும் தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் உடம்பு சூட்டுக்குப் பழகுவது தனி விஷயம். வெக்கையில் தினமும் ஒரு மணி நேரம் போல ஓடினால் பத்துப் பதினாலு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். மூன்று வாரம் ஏசியில் ஓடினால் இந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நாலரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்து இட்லிக் கடைக்குப் போய்விடுகிறோம். வெயிலில் ஓடிய அனுபவமே இருப்பதில்லை. போட்டிக்கு முந்தைய மூன்று வாரத்தில், வாரம் இரண்டு மூன்று ஓட்டத்தையாவது ஏழு மணிக்கு மேலே தள்ளுங்கள். வேகம் வேண்டாம், மெதுவாக ஓடினால் போதும்.

விடியற்காலைக் காற்றை நம்பி வேகத்தை ஏற்றுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேப்பியர் பாலத்தில் ஃபுல் ஆரம்பிக்கும்போது இருட்டு விலகியிருக்காது. மார்கழி மாசம், கடல் காற்று, 22 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை. ஊர்க்காரர்களுக்கு அது குளிர். ஓடுகிற உடம்புக்கு அது குளிர் இல்லை. மாரத்தானுக்கு ஏற்றது ஏறத்தாழ 10 டிகிரி. போதாக்குறைக்கு, சென்னையில் அந்த நேரத்துக் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

ஈரப்பதம் ஏன் இவ்வளவு முக்கியம்? 65 கிலோ எடையுள்ள ஒருவர் 42 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 2,700 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பிடம் இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி போகும். ஆவியானால்தான் போகும். முழங்கையிலிருந்து சொட்டுகிற வியர்வை, ஷூவுக்குள் சளசளக்கிற வியர்வை எதுவும் உங்களைக் குளிர்விப்பதில்லை. அது நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு சும்மா போகிறது.

இனி ஒரு ஓட்டக்காரரைக் கூடவே போய்ப் பார்ப்போம். திட்டம் நாலரை மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 விநாடி (6:24). பயிற்சியில் மூன்று வாரம் விட்டுப்போயிருக்கிறது. டேப்பரில் கால் ஓய்வெடுத்திருப்பதால் முதல் ஐந்து கிலோமீட்டர் 6:10-இல் பறக்கிறது. மூச்சு வாங்கவே இல்லை. வாட்ச்சில் இதயத் துடிப்பு 148. பதினெட்டாவது கிலோமீட்டரில் வேகம் இப்போதும் அதேதான், துடிப்பு மட்டும் 163. ஏற்றமும் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. வியர்வையில் ரத்தத்தின் அளவு குறைந்திருக்கிறது; இருக்கிற ரத்தத்தை காலும் கேட்கிறது, சூட்டை வெளியேற்றத் தோலும் கேட்கிறது; இதயம் அதிகமாக அடித்து ஈடுகட்டுகிறது. பயிற்சி விட்டுப்போனவருக்கு இந்த ஏற்றம் சீக்கிரமே வரும், ஏனென்றால் ஓடாத நாட்களில் முதலில் குறைவதே ரத்தத்தின் நீர்ப்பகுதிதான். உடம்பு சூடானால் தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனும் (மாவுச்சத்து எரிபொருள்) வேகமாகக் கரையும். வழக்கமாக 32-ஆவது கிலோமீட்டரில் வரும் 'சுவர்', அதாவது எரிபொருள் தீர்ந்து கால் ஓட மறுக்கும் கட்டம், 26-இலேயே வந்து நிற்கும்.

ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஆறரை மணிவாக்கில். நாலு மணிக்குக் கிளம்பி 6:24 வேகத்தில் போகிறவர் அப்போது 23 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பார். மீதி 19 கிலோமீட்டரும் வெயிலில்தான். ஐந்தரை மணி நேரத்தில் முடிக்கிறவருக்கு 23 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் வெயில். மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் வெயில் அதிகம். போட்டி நேரத்தை முடிவு செய்யும்போது பலர் இதை யோசிப்பதே இல்லை.

வேகத்தைக் குறைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் பாஸ்டனைப் பார்க்கலாம். 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2:03:02-இல் வென்றார். 2012-இல் வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டிப் போனது. வெஸ்லி கோரிர் 2:12:40-இல் வென்றார், முட்டாய் பாதியிலேயே விலகிவிட்டார். முந்தைய வருஷம் பின்காற்று தள்ளியதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிசுதான். 2019-இல் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். கிளம்பிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அவர்கள் யாரும் பயிற்சியைத் தவறவிட்டு வந்தவர்கள் இல்லை.

சரி, எவ்வளவு குறைப்பது? 6:24 திட்டத்தோடு இருந்த நம் நண்பருக்கு நான் சொல்வது, முதல் பத்து கிலோமீட்டர் 6:55-க்கு வேகமாகப் போகவே கூடாது. நாலரை மணி நேரத்தில் முடிக்கும் கூட்டத்தை (4:30 பஸ்) விட்டுவிட்டு, ஐந்து மணி நேர வேகத்தில் கூட்டிப்போகும் 5:00 பேசரோடு ஒட்டிக்கொள்ளட்டும். 30 கிலோமீட்டரில் தெம்பு மிச்சம் இருந்தால் அப்போது வேகத்தை ஏற்றலாம். வாட்ச்சில் பேஸைவிட இதயத் துடிப்பைப் பாருங்கள். அது தேவையில்லாமல் ஏறினால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். நடப்பதாக இருந்தால் முதல் தண்ணீர் ஸ்டாலிலிருந்தே ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரு நிமிஷம் நடங்கள். 28-இல் கால் மறுத்த பிறகு நடக்கிற நடை வேறு மாதிரி; அது திரும்ப ஓட்டமாக மாறுவது அபூர்வம்.

தண்ணீர்: குறைவும் தப்பு, கூடுதலும் தப்பு

குடிக்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கூடுதலாகக் குடிப்பது அதே அளவுக்கு ஆபத்து என்பது இன்னும் பரவவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்தது. முக்கியக் காரணம், வியர்வையில் இழந்ததைவிட அதிகமாகக் குடித்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஸ்டாலிலும் இரண்டு டம்ளர் குடிக்கும்போது இது நடக்கிறது. தலைவலி, குமட்டல், வயிறு உப்பல், மோதிரம் இறுகுவது, கடைசியில் குழப்பம். இந்த நிலையில் "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று சுற்றி நிற்பவர்கள் மேலும் ஊற்றினால் விபரீதம்தான்.

உங்கள் வியர்வை அளவைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், வீட்டு எடை மெஷின் போதும். போட்டி நாள் மாதிரியே வெக்கையான ஒரு காலையில், ஓடுவதற்கு முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். நடுவில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கை ஈடுகட்டினால் போதும். முழுசையும் ஈடுகட்டப் பார்த்தால் வயிறே எதிர்க்கும். எடை குறையாமல் ஏறியிருந்தால் நீங்கள் கூடுதலாகக் குடிக்கிற ஆள்.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு சின்ன விஷயம். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அவசரத்தில் பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குகிறவர்களைப் பார்க்கலாம். அடர்த்தி இரட்டிப்பானால் குமட்டும், வயிற்றைக் கலக்கும். ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல்லிலும் கவனம் வேண்டும், பயிற்சியில் தொடாத ஜெல்லை எக்ஸ்போவில் (போட்டிக்கு முன் நடக்கும் கண்காட்சி) வாங்கி மறுநாள் சாப்பிடாதீர்கள். வாழைப்பழம், கடலைமிட்டாய் என்று பழகியதே போதும். தலையிலும் பிடரியிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நல்லதுதான், ஷூவில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறிய சாக்ஸில் 42 கிலோமீட்டர் என்றால் கொப்புளம் நிச்சயம்.

காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிவிட்டு ஓடுவது

இதில் சமரசமே கிடையாது. காய்ச்சல் இருக்கிற உடம்பு ஏற்கெனவே சூட்டில் இருக்கிறது, அதோடு ஓடினால் ஹீட் ஸ்ட்ரோக்குக்கு (உடம்புச் சூடு கட்டுமீறி மூளையைப் பாதிக்கும் நிலை) வழி திறந்துவிடுகிறோம். பாராசிட்டமால் போட்டு தெர்மாமீட்டரை ஏமாற்றலாம், உள்ளே இருக்கிற தொற்றை ஏமாற்ற முடியாது. சில வைரஸ் தொற்றுகளில் இதயத் தசையும் வீங்கும். அப்போது கடுமையாக ஓடினால் உயிருக்கே ஆபத்து. கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்தால் அந்த வருஷப் போட்டி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெங்குவோ சிக்குன்குனியாவோ ஒரு மாதம் முன்பு வந்து போயிருந்தால், காலையில் படுக்கையிலேயே நாடித் துடிப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிட எட்டு, பத்து கூடுதலாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை. ஓடும்போது நெஞ்சில் வலியோ படபடப்போ வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஷூவை மாட்ட வேண்டும்.

பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினால்

ஹீட் ஸ்ட்ரோக்கில் தோல் உலர்ந்திருக்கும் என்று பலர் சொல்வார்கள். ஓட்டக்காரர்களிடம் அதை எதிர்பார்க்காதீர்கள், வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நடத்தையைப் பாருங்கள்: நேராக ஓட முடியாமல் ஒரு பக்கம் சாய்வது, பேர் கேட்டால் வேறு எதையோ சொல்வது, காரணமில்லாமல் எரிந்து விழுவது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், 108-க்கு அடியுங்கள், ஆனால் வண்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் உடம்பை அமிழ்த்துவது சிறந்தது. அது இல்லாத இடத்தில் நிழலுக்குக் கொண்டுபோய், ஸ்டாலில் இருக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஐஸில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, விசிறிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கோட்டைத் தாண்டிய பிறகு

மெடலை வாங்கியதும் செல்ஃபிக்காக அப்படியே நின்றுவிடுகிறார்கள். கால் தசைகள் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி தலை சுற்றும்; முடித்தவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பத்து நிமிஷம் நடங்கள், அப்புறம் உட்காருங்கள்.

வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை ஓடுவதற்கு முன்போ, ஓடும்போதோ, முடித்த கையோடோ போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அவை மேலும் குறைக்கும். தயாரில்லாத தசை வெக்கையில் அளவுக்கு மீறி உழைக்கும்போது சிதைந்து, அந்தக் கழிவும் சிறுநீரகத்தில்தான் போய்ச் சேர்கிறது. அன்று மத்தியானத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்றாலோ, கழிக்கும்போது காபி டிகாஷன் நிறத்தில் வந்தாலோ, தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.