‘ரிவர்ட்டட்’ என்றால் தண்டனை இல்லை: பழைய தபால் இலாகா பதிவுகளைப் படிக்கும்போது

குன்னூரில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தபால் இலாகாவில் வேலை பார்த்த தாத்தாவின் சர்வீஸ் புக் (பதவி, பணி விவரங்களைக் குறிக்கும் பதிவேடு) நகல் ஒன்று இருந்தது. ஒரு வரியில் ‘ஆக்டிங் போஸ்ட்மாஸ்டர்’, அதாவது தற்காலிகப் பொறுப்பு. ஆறு மாதம் தள்ளி, ‘ரிவர்ட்டட்’. ஏதோ தப்பு செய்து பதவி இறக்கிவிட்டார்கள் போல என்று வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்.

வீண் வெட்கம். வெள்ளைக்காரன் காலத்து இலாகாவில் மேலே ஒரு துரை நீண்ட லீவில் சீமைக்குக் கப்பலேறினால், அவர் நாற்காலியில் அடுத்தவர், அந்த அடுத்தவரின் நாற்காலியில் அவருக்குக் கீழே இருப்பவர் என்று சங்கிலியாக ஏறுவார்கள். துரை திரும்பியதும் வரிசையாக எல்லோரும் தங்கள் பழைய இடத்துக்கு இறங்குவார்கள். பெரும்பாலும் அதுதான் ‘ரிவர்ட்டட்’. ‘கன்ஃபர்ம்டு’ (பதவி நிரந்தரமானது) என்ற சொல் வரும்வரை அதைப் பதவி உயர்வு என்றும் எழுதிவிடாதீர்கள். ‘சப். புரோ டெம்.’ (சப்ஸ்டான்டிவ் புரோ டெம்போரே என்பதன் சுருக்கம்) என்பது இன்னும் ஏமாற்றும். நிரந்தரம் போலத் தோன்றும், ஆனால் தற்காலிகம்தான்.

அடுத்து, தேதி. ஓர் ஊரில் ‘பிற்பகல்’ பொறுப்பை ஒப்படைத்தவர், சில நாள் கழித்து இன்னோர் ஊரில் ‘முற்பகல்’ பொறுப்பேற்றிருப்பார். நடுவில் இருப்பது சஸ்பென்ஷன் அல்ல, ஊர் மாறிச் சேர்வதற்குக் கொடுத்த நாட்கள். குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். அதற்கு முன் பெண்டாட்டி பிள்ளை, அண்டா குண்டாவோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி வர வேண்டும்!

ஒரே பெயர் ஏப்ரலில் ஊட்டியிலும் டிசம்பரில் சென்னையிலும் வந்தால், உடனே இரண்டு ஆட்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். சென்னை மாகாண அரசாங்கமே வெயிலுக்கு ஊட்டி வந்துவிடும். அதோடு தந்தி வேலையும் மலையேறும்.

தபாலும் தந்தியும் ஒரே தலைமையின் கீழ் வந்தது 1914-இல்தான். அதற்கு முன் அவை தனித்தனி இலாகா. ஆனாலும் பல தபால் ஆபீஸ்களில் தந்தியும் அடித்தார்கள், அதனால் தந்தி அடித்தவரெல்லாம் தந்தி இலாகா ஆள் இல்லை. டெலிபோன் வேறு கதை: சென்னை நகரத்தில் 1943 வரை அது தனியார் கம்பெனி.

அப்புறம், கூடலூர்ப் பக்கம் 1877 வரை மலபார் மாவட்டம். அதற்கு முந்தைய பதிவுகளை நீலகிரியில் தேடினால் கிடைக்காது.

கெஜட்டில் (அரசிதழில்) பெயர் இல்லையே என்று வருந்துபவர்களும் உண்டு. அதில் அதிகாரிகள் பெயர்தான் வரும். தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மணி கட்டிய ஈட்டியோடு ஓடிய ரன்னர் அங்கே இருக்க மாட்டார். அவருக்கு வீட்டுப் பரணில் உள்ள பென்ஷன் காகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.