டாக்டர் ஊசி போடும்போது கயிறு யார் கையில்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் செவலைக் குதிரை என் வலது முழங்கால் சில்லை உடைத்தது. அன்றைக்கு வைத்தியம் பார்த்தது அதற்கு, ஆஸ்பத்திரியில் படுத்தது நான். ஏற்காடு ஏரிக்கரையில் மூன்று குதிரை வைத்துச் சவாரி ஓட்டுகிறேன். அப்பா சேலத்தில் ஜட்கா ஓட்டியவர். அதனால் ‘பழக்கமில்லாதவன் உதை வாங்கிட்டான்’ என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் கூடுதல் வெட்கம்.

செவலைக்குப் பின்கால் குளம்பில் சீழ். வந்த டாக்டர், "வாலைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி நில்லுப்பா" என்றார். நின்றேன். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி வந்த நாளிலிருந்தே, பின்பக்கம் ஆள் போனால் அது காதை மடக்கும். எனக்குத் தெரியும். சொன்னால் டாக்டர் கை வைக்காமல் போய்விடுவாரோ என்று சொல்லவில்லை. பிறகு சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். இரண்டே கேள்வி கேட்டார். "அது உதைக்கும்னு யாருக்குத் தெரியும்? அங்க நிக்கச் சொன்னது யாரு?" முதல் கேள்விக்குப் பதில் நான், இரண்டாவதுக்கு டாக்டர். நம் பக்கமும் தவறு இருந்தால், அந்த அளவுக்கு நஷ்டஈட்டில் கழித்துவிடுவார்களாம். கேஸ் போடவில்லை.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் பையைத் திறப்பதற்கு முன்னாலேயே குணத்தைச் சொல்லிவிடுங்கள். கடிக்குமா, முன்காலைத் தூக்கி அடிக்குமா, ஊசியைப் பார்த்தாலே பின்வாங்குமா, எந்தப் பக்கம் தொட்டால் பிடிக்காது, எல்லாம். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது சொல்லுங்கள், பின்னால் சாட்சியாகும். வாங்கும்போது சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம், குணத்தைச் சொல்ல மட்டும் கௌரவம் தடுக்கிறது. தெரிந்ததை மறைத்தால் உங்களுக்கு அடிபட்டது உங்கள் கணக்கு. டாக்டருக்கு அடிபட்டாலும் பழி உங்கள் தலையில்தான் விடியும்.

அடுத்து, யார் பிடிப்பது? ‘நீங்க சொந்தக்காரர், உங்ககிட்ட அடங்கும்’ என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "ஆள் கூட்டிட்டு வரேன், இல்ல மயக்க ஊசி போட்டுப் பாருங்க டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலைக்கு இருக்கிற பையனைப் பிடிக்கச் சொன்னால், அவனுக்கு ஆவது உங்கள் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

பிடிப்பது என்று முடிவானால் நிற்கும் இடம்தான் முக்கியம். டாக்டர் எந்தப் பக்கமோ, நீங்களும் அந்தப் பக்கம், தோளை ஒட்டி. குதிரை திமிறினால் தலையை உங்கள் பக்கம் இழுங்கள், பின்பக்கம் இருவரையும் விட்டு விலகிப் போகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் உதை நேராக டாக்டருக்கு. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். நேர் முன்னாலும் வேண்டாம், நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. பின்காலை முன்னால் வளைத்துப் பக்கவாட்டிலும் உதைக்கும், அதனால் வயிற்றோரமும் பத்திரமில்லை. முன்கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் அதே பக்கத்துப் பின்காலால் உதைப்பது அதற்குக் கஷ்டம், உதைக்கவே உதைக்காது என்று நம்பிவிடாதீர்கள். குதிரையை அசையாமல் நிறுத்த மேல் உதட்டில் கயிறு போட்டு முறுக்குவது பழகிய கையால் மட்டும்.

மயக்க ஊசியில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். சைலசின் போட்டால் தலை தொங்கும், உதடு தொங்கும், நின்றபடியே தூங்குகிற மாதிரி இருக்கும். திடீரென்று தொட்டால் அந்த நிலையிலும் குறி தப்பாமல் உதைக்கும். ‘இப்ப கிட்ட வரலாமா’ என்று டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சொன்னபின் வந்து அடிபட்டால் பேச்சு வேறு, நீங்களாக வந்தால் வேறு.

ஏரிக்கரையில் வைத்து வைத்தியம் பார்க்காதீர்கள். செல்போன் தூக்கிக்கொண்டு கூட்டம் கூடிவிடும். அவர்களில் ஒருவருக்கு அடிபட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு உங்கள் மேல் வரலாம். தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாததற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

1962-க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. ஆனால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும் என்று அவசரப்பட்டு, ஊசி போடத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுவிடுகிறோம். 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். கவுன்சில் பக்கமே இல்லாத ஆள் மேல் அங்கே போய் என்ன புகார் கொடுப்பது?

அடிபட்டுவிட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்று எழுந்து நடக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி அடிபட்டது என்று உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். நான் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லித் தொலைத்தேன். காயத்துக்கு டி.டி. ஊசி கட்டாயம், குதிரை லாயத்து மண்ணில் தனுர்வாதக் கிருமி இருக்கும். கடித்திருந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். அன்றைக்கே யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

காசு கட்டிய தனியார் டாக்டர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போகலாம். கட்டிய ஃபீஸ் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, நம் கேஸ் எல்லாம் அதற்குள்தான். அரசு மாட்டாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, சிவில் கோர்ட்தான் வழி. ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். அது டாக்டரின் அஜாக்கிரதையை முழுசாகக் கழுவிவிடாது, ஆனால் ஆபத்து தெரிந்தேதான் நின்றீர்கள் என்று காட்ட உதவும் என்றார் வக்கீல்.

இப்போது லாயத்து ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. எந்த டாக்டர் வந்தாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன். முதல் பக்கத்தில்: ‘செவலை. ஊசி கழுத்தில் வலது பக்கம் மட்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, நான் உட்பட.’