பின்பொயின்டர்: கடைசி ஒரு சாணில் நடக்கும் தவறுகள்

திருகோணமலைக் கரையில், நிலாவெளியிலோ உப்புவெளியிலோ குளிக்கப் போன இடத்தில் மோதிரம் கழன்று விழுந்துவிட்டால், பெரிய மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேட எல்லோராலும் முடியாது. அதனால் பலர் விலை குறைந்த பின்பொயின்டரைத் தேடி வாங்குகிறார்கள். கைக்கு அடக்கமான, ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள கருவி அது. நுனிக்குள்ளே சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். உலோகத்துக்குக் கிட்டப் போனால் சத்தம் போடும், அல்லது அதிரும், அல்லது இரண்டையும் செய்யும். வாங்கியவர்களில் பலர் இரண்டொரு நாளில் “இது வேலை செய்யாது” என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். கருவியில் பிழையில்லை. கடைசி ஒரு சாணுக்காகச் செய்த கருவியை வைத்துக் கடற்கரை முழுவதையும் தேடினால் கை வலிதான் மிஞ்சும்.

ஏன் என்று விளங்கிக்கொண்டால் பாதித் தவறு தானாகவே நின்றுவிடும். சுருளிலிருந்து போகும் காந்தப்புலம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். உலோகத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அதே வேகத்தில் குறையும். போகும்போதும் இழப்பு, வரும்போதும் இழப்பு. கணக்குப் பார்த்தால், தூரம் இரண்டு மடங்கானால் கருவிக்குத் திரும்பி வருவது ஏறக்குறைய 64-இல் ஒரு பங்குதான். ஆகவே கருவியின் கூருணர்வை (சென்சிட்டிவிட்டி) ஒரு படி ஏற்றினால் ஆழம் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். ஒரு விரல் அகலம் கூடினாலே பெரிய விஷயம்.

பெட்டியில் எழுதியிருக்கும் ஆழத்தை நம்பி வாங்குவது அடுத்த தவறு. பெரிய, தடித்த உலோகத்தை வைத்து அளந்த ஆழம் உங்கள் மூக்குத்திக்குப் பொருந்தாது. ஒரு சாதாரண மோதிரம் சில சென்டிமீட்டர் தூரத்தில் பிடிபடும். சின்னத் தோடு நுனி தொட்டால்தான் சத்தம் தரும். மெல்லிய சங்கிலி இதைவிடப் பொல்லாதது. கருவி உலோகத்துக்குள் ஒரு சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித்தான் அதைக் கண்டுபிடிக்கிறது. மோதிரம் மூடிய வளையம், அதில் மின்னோட்டம் நன்றாகச் சுழலும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன வளையம், ஒன்றோடொன்று ஒழுங்காக ஒட்டியிருப்பதில்லை. கருவிக்கு அது ஒரு பவுண் சங்கிலியாகத் தெரியாது, தூசி தூசியாகக் கிடக்கும் கண்ணிகளாகத்தான் தெரியும். கொளுக்கியோ பென்டனோ நுனிக்குக் கிட்ட வந்தால்தான் சத்தம் வரும். தாலிக்கொடியைத் தொலைத்தவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொடியைவிடத் தாலிதான் அகப்படும், ஆகவே ஒரே இடத்தை நுனியால் மிக நெருக்கமாக, பொறுமையாகத் தடவ வேண்டும்.

வாங்கும்போது காசை வைத்துச் சோதிக்க வேண்டாம். நம்முடைய இப்போதைய காசுகள் பெரும்பாலும் உருக்கு. அவை தரும் சத்தத்தை வைத்துத் தங்கத்துக்கு எப்படிச் சத்தம் வரும் என்று சொல்ல முடியாது. வீட்டிலுள்ள ஒரு மோதிரத்தையும் ஒரு சின்னத் தோட்டையும் கொண்டுபோய், எத்தனை விரல் தூரத்தில் சத்தம் தொடங்குகிறது என்று பாருங்கள். இன்னொன்று, பெரும்பாலான பின்பொயின்டர்கள் தங்கமா தகரமா என்று சொல்லாது. உலோகம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும். கரைவலை இழுக்கும் இடங்களில் ஈயக் குண்டு, துருப்பிடித்த தூண்டில், சோடா மூடி, பியர் டின்னின் வளையம் எல்லாவற்றுக்கும் அது ஒரே மாதிரித்தான் கத்தும்.

தண்ணீர் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். “தண்ணீர் தெறித்தால் ஒன்றும் ஆகாது” என்பதும் “தண்ணீருக்குள் இறக்கலாம்” என்பதும் வேறு வேறு. எத்தனை மீட்டர் ஆழம் வரை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கரெட் நிறுவனத்தின் புரோ-பொயின்டர் ஏடி 6 மீட்டர் வரை தாங்கும். நொக்டாவின் பல்ஸ்டைவ் 60 மீட்டர் வரை போகும். முழங்கால் தண்ணீரில் தேடுகிற நமக்கு 6 மீட்டரே தாராளம். ஆனால் புரோ-பொயின்டர் பெயரிலேயே போலிகள் விற்கப்படுகின்றன. வெளியே பார்க்க அச்சு அசலாக இருக்கும், உள்ளே தண்ணீரைத் தடுக்கும் வளையம் ஒழுங்காக இருக்காது. அசலின் விலையில் சின்னப் பங்குக்கு ஒருவர் தருகிறார் என்றால் அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தண்ணீர் புகாவிட்டாலும் உப்பு குழப்பும். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே ஈர மணலையே உலோகம் என்று எண்ணி வீஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஓயாமல் புலம் அனுப்பும்) வகைக் கருவிகள் சில நேரம் ஓயாமல் கத்தும். பல்ஸ் இன்டக்‌ஷன் (புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும்) வகை இதில் அமைதியானது. தண்ணீருக்குள்தான் அதிகம் தேடப் போகிறீர்கள் என்றால் அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாம். வளவிலும் காய்ந்த மணலிலும் தேடுவதற்கு அது தேவையில்லை.

நம் கரைக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. வடக்கே புல்மோட்டையில் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்களை எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறுப்பு மணல் புல்மோட்டையோடு நின்றுவிடுவதில்லை. அலை அடித்து ஓய்ந்த பிறகு வெள்ளை மணலுக்கு மேல் கறுப்புக் கோடுகளாகப் படிந்திருப்பதை வேறு கரைகளிலும் காணலாம். பழைய ஸ்பீக்கர் காந்தமொன்றைப் பொலித்தீன் பைக்குள் போட்டு அந்தக் கோட்டின் மேல் இழுத்துப் பாருங்கள். கறுப்பு மணிகள் மயிர் போலச் சிலிர்த்து ஒட்டும். அந்த மணலில் நுனியைக் குத்தியதும் கருவி கத்தினால் பலர் அதை நம்பித் தோண்டிக்கொண்டே போகிறார்கள். குழி எவ்வளவு ஆழமானாலும் சத்தம் மாறாது, எங்கே குத்தினாலும் ஒரே மாதிரி இருக்கும். அது மண்ணின் சத்தம். உலோகத்தின் சத்தம் ஓரிடத்தில் கூடி, இரண்டு விரல் தள்ளினால் குறையும். கறுப்பு மணலில் கூருணர்வை ஒரு படி குறையுங்கள். அப்புறம், உலோகம் இல்லை என்று உறுதியான இடத்தில் நுனியை மணலில் தொட வைத்து, பொத்தானை ஒருமுறை சட்டென்று அழுத்துங்கள். உடனடி மறுசீரமைப்பு வசதி உள்ள கருவி அந்த மண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அமைதியாகும்.

ஆனால் இதே வசதியே பெரிய தவறுக்கும் வழி. உலோகத்துக்குக் கிட்டவே வைத்துக்கொண்டு கருவியைப் போட்டால், அந்த உலோகத்தையும் சேர்த்து “இதுதான் சாதாரண நிலை” என்று கருவி எடுத்துக்கொள்ளும். மோதிரம் கிடக்கும் குழிக்குள் நுனியை வைத்துச் சுவிட்சை அழுத்திவிட்டு, “ஒன்றும் இல்லை” என்று எழும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில், வெறுங்காற்றில் போடுங்கள். மணிக்கூடு, காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். போனைக் கருவி பிடித்த கைப்பக்கத்துப் பொக்கெட்டில் வைக்க வேண்டாம். கூடவே பெரிய டிடெக்டர் இருந்தால் அதை நாலைந்து அடி தள்ளி வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக் கத்தும்.

மண்வெட்டியால் கிளறிக்கொண்டே சோதிப்பதும் வீண். இரும்பு பக்கத்தில் இருக்கும்வரை கருவிக்கு வேறெதுவும் கேட்காது. காய்ந்த மணலில் தேங்காய்ச் சிரட்டையைவிட நல்ல கருவி இல்லை. ஒரு சிரட்டை மணலை அள்ளி ஒரு பொலித்தீன் விரிப்பில் கொட்டுங்கள். முதலில் குழியின் அடியையும் சுவரையும் மெதுவாகத் தடவுங்கள், பிறகு குவியலை. குவியலில் சத்தம் வந்தால் அதைப் பாதியாகப் பிரித்து, கத்தாத பாதியை வேறு பக்கம் தள்ளுங்கள். மிச்சத்தை மறுபடி பாதியாக்குங்கள். கடைசியில் ஒரு பிடி மணல் மிஞ்சும், அதைக் கையில் உதிர்த்தால் போதும். தள்ளிய மணலை மீண்டும் குழிக்குள்ளே போட்டுவிட்டு எது பார்த்தது, எது பாராதது என்று தெரியாமல் திண்டாடுவதுதான் வழமையாக நடக்கிறது. விரலால் துழாவ வேண்டாம், கரைவலை இடங்களில் தூண்டில் முள் ஏறும்.

எங்கே தேடுவது என்பதில் மணித்தியாலங்கள் வீணாகின்றன. மோதிரம் விழுந்தது தெரிந்தவுடன் எல்லோரையும் நிற்கச் சொல்லுங்கள். மீனவர்கள் கடலில் இடம் பிடிப்பதுபோல், கரையிலுள்ள இரண்டு நிலையான பொருள்களை நேராக வைத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். காய்ந்த மணலில் விழுந்தது மிதிபட்டாலும் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கும், ஒரு பாய் அளவு இடத்தைக் கோடு போட்டுப் பிரித்து பின்பொயின்டரால் மட்டுமே தேடலாம். அலை அடிக்கும் விளிம்பில் நிலைமை வேறு. 22 கரட் தங்கம் அதே கனவளவு தண்ணீரைவிட 17 மடங்குக்கு மேல் பாரம், மணல் 2.6 மடங்குதான். ஒவ்வொரு அலையும் மணலை இளக்க, தங்கம் கீழே இறங்கிக்கொண்டே போகும். நேற்று விளிம்பில் விழுந்ததை இன்று பின்பொயின்டரால் மட்டும் தேட முடியாது, பெரிய டிடெக்டர் வேண்டும். வாடைக் காலத்தில் கரையையே கடல் வெட்டிக்கொண்டு போகும், அப்போது ஒருநாள் தாமதமும் பெரிய தாமதம்.

இனி, எந்தக் கருவி வைத்திருந்தாலும் கேட்க வேண்டிய விஷயம். தொலைந்த பொருளைத் தேடுவது வேறு, “ஏதாவது கிடைக்குமா” என்று தோண்டுவது வேறு. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளைத் தேடி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியிலும் அப்படித்தான். திருகோணமலையில் இது வெறும் சட்டப் பேச்சில்லை. 1950-இல் கோணேசர் கோயிலுக்குக் கிட்டக் கிணறு வெட்டியபோதுதான் புதைந்திருந்த தெய்வத் திருமேனிகள் வெளிவந்தன. இந்த மண்ணில் அப்படியானவை கிடக்கின்றன. கோட்டைப் பக்கமும் பழைய கோயில், விகாரை இடங்களிலும் பின்பொயின்டரை வெளியே எடுக்கவே வேண்டாம். கடற்கரையிலும், தேடப் போகுமுன் பக்கத்து ஹோட்டல்காரரிடமும் பொலிஸிடமும் சொல்லிவிட்டுப் போனால் புதையல் தோண்டுகிறவர் என்ற சந்தேகம் வராது.

அதைவிடப் பெரியது உயிர். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. அதன்பிறகு இங்கே நடந்த யுத்தம் நமக்கே தெரியும். பெரிய இரும்புச் சத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது பிழையான நினைப்பு. ஜொனி மிதிவெடி மரப்பெட்டியில் செய்தது, பிளாஸ்டிக் உடல் கொண்டவையும் இருந்தன. அப்படியானவற்றில் உலோகம் மிகக் குறைவாக இருக்கலாம், சத்தமும் மிகச் சின்னதாகவே வரலாம். பின்பொயின்டரோ பொழுதுபோக்கு டிடெக்டரோ மிதிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. ஆட்கள் புழங்காத பற்றைக் காணி, பழைய காவலரண் இருந்த இடம், மண்டையோட்டுப் பலகை போட்ட இடம் எதற்குள்ளும் இறங்கக் கூடாது. கடற்கரையில் இருந்தாலும் கூம்பு வடிவிலோ உருளையாகவோ துருப்பிடித்த எதையாவது கண்டால் நுனியால் தொட்டுப் பார்க்காமல், கால் வைத்த தடத்திலேயே பின்வாங்கி பொலிஸின் 119-க்கு அழையுங்கள்.

தேடி முடித்து வீட்டுக்கு வந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பற்றரி மூடியைத் திறக்க வேண்டும். ஈரத்தோடு திறந்தால் உப்புத்துளி நேரே உள்ளே போகும். மூடியிலுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு மணல் மணி ஒட்டியிருந்தாலே அடுத்தமுறை தண்ணீர் புகுந்துவிடும், ஆகவே அதைத் துடைத்து சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் தடவுங்கள். வாடைக் காலம் முழுவதும் எடுக்கப் போவதில்லை என்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். 9 வோல்ட் பற்றரி உள்ளேயே கசிந்தால் முனைகள் பச்சை பிடித்து, வைகாசியில் எடுத்துப் போடும்போது கருவி எழும்பாது.