அறிவிப்பு வந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

போன மாதம் மூன்று இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குத் தொழிற்பிரிவு வேண்டும் என்று ஒன்றரை ஆண்டு அலைந்திருக்கிறார்கள். துறைக்கான பணத்தைப் பேரவையில் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் அங்கே வாசித்த அறிவிப்புகளில் அவர்கள் கேட்டதும் வந்துவிட்டது. நன்றி சொல்லிப் பள்ளி வாசலில் வைத்த ஃப்ளெக்ஸைப் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். "அரசாணை எண் என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"அதான் அறிவிச்சுட்டாங்களே அக்கா" என்றான் ஒருவன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரிடம் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது இன்னும் மனசில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மனுவில் நாள் போட மறப்பது, ஒப்புகை வாங்காமல் திரும்புவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு முறை அலைந்தால் தானே தெரிந்துவிடும். அரசுப் பள்ளிக்காகவும் தொழிற்பயிற்சிக்காகவும் அரசிடம் கேட்கப் போகிறவர்கள் வருடக்கணக்கில் இழக்கும் இடங்கள் வேறு.

## மார்ச்சில் மனுவோடு போவது

நிதிநிலை அறிக்கையை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வாசிக்கிறார்கள். கேட்க வேண்டிய நேரமும் அதுதான் என்று தோன்றும். ஆனால் அதற்குள் கணக்கெல்லாம் முடிந்து அச்சுக்குப் போயிருக்கும். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளையும் புதுச் செலவுக் கருத்துருக்களையும் (முன்மொழிவுகளையும்) துறைத் தலைமை அலுவலகங்கள் திரட்டுவது அதற்கு முந்தைய மாதங்களில். தீபாவளிக்கு முன்பே உங்கள் கோரிக்கை இயக்குநரகத்தில் ஒரு கோப்பாகியிருக்க வேண்டும். ஆகஸ்டில் தொடங்கினால் சரியாக இருக்கும்.

## எந்தக் கதவு என்று தெரியாமல் தட்டுவது

'திறன் பயிற்சி' என்று எல்லோரும் ஒரே சொல்லாகச் சொல்கிறோம், அரசாங்கத்தில் அது பல துறைகளில் கிடக்கிறது. மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவு பள்ளிக்கல்வித் துறைக்குள் வரும். இயக்குநரகம் சென்னை கல்லூரிச் சாலையில், இன்னும் பலர் டிபிஐ என்றே சொல்லும் வளாகத்தில் இருக்கிறது. ஐடிஐ தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறையுடையது, அதன் இயக்குநரகம் கிண்டியில். பாலிடெக்னிக் என்றால் உயர்கல்வித் துறை. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தை நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்றால் வழி மறுபடியும் மாறும்.

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்குக் கூடுதல் இடம் கேட்ட ஒரு பெற்றோர் குழு, மனுவைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற ஒரே வரியோடு அது எட்டு மாதம் மேசை மேசையாக நகர்ந்தது. யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் அது சொந்த வேலையாகவும் இல்லை.

## பள்ளி மேலாண்மைக் குழுவைத் தாண்டிப் போவது

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 22-ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு மானியம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் 2022-இல் தமிழ்நாட்டில் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது மேல்நிலைப் பள்ளிகளிலும் அமைத்தார்கள். அந்தக் குழுவின் தீர்மானம் இல்லாத மனு வெளியாள் மனுவாகத்தான் பார்க்கப்படும்.

## அறிவிப்பை அரசாணை என்று நினைப்பது

நான் முதலில் சொன்ன அந்த விலையைக் கொடுத்தது ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் கூட வந்தது. அங்கேயும் ஆடை வடிவமைப்புப் பிரிவு நன்றாக நடந்துகொண்டிருந்தது. பாடம் எடுத்த டீச்சர் ஓய்வு பெற்றார், இடம் நிரப்பப்படவில்லை. பிரிவை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு இறங்கினோம். கேட்டது இரண்டு: ஓர் ஆசிரியர், பழைய கால் மிஷின்களுக்குப் பதிலாக பவர் மிஷின்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, தொழிற்பிரிவு ஆய்வகங்கள் மேம்படுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். குழுவும் கலைந்துவிட்டது.

பேரவையில் சொல்லப்படுவது, அமைச்சர் மானியக் கோரிக்கையில் வாசித்தாலும் சரி, முதலமைச்சர் பேரவை விதி 110-இன் கீழ் வாசித்தாலும் சரி, அரசின் விருப்பத்தைச் சொல்கிறது. அதை வைத்துக் கருவூலத்தில் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அறிவிப்புக்குப் பிறகு துறைத் தலைவர் விரிவான கருத்துரு அனுப்ப வேண்டும். தலைமைச் செயலகத்தில் ஒரு பிரிவு அதைக் கோப்பாக்க வேண்டும். நிதித்துறை இசைவு தர வேண்டும். அப்புறம்தான் அரசாணை. ஆணையின் கடைசிப் பத்திகளுக்குப் போய்ப் பாருங்கள். 'இவ்வாணை நிதித்துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது' என்று எண்ணும் நாளும் போட்டு ஒரு வரி இருக்கும். செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்படும் என்றும் இருக்கும். பொதுக் கல்வி என்றால் அது 2202 என்று ஆரம்பிக்கும். பணம் இருப்பது அந்த வரிகளில்தான்.

நாங்கள் இழந்தது இன்னொரு வரியில். செலவை அரசு இரண்டாகப் பிரிக்கிறது: தொடரும் செலவினம், தொடராச் செலவினம். மிஷின் ஒருமுறை வாங்குவது, அது தொடராச் செலவு. ஆசிரியரின் சம்பளம் மாதாமாதம் போவது, அது தொடரும் செலவு. அதனால் மிஷினுக்கு இசைவு சுலபமாகக் கிடைக்கும், பணியிடத்துக்கு ஒவ்வொரு மேசையிலும் கேள்வி வரும். எங்கள் விஷயத்தில் வெளிவந்த ஆணையில் தொடராச் செலவு மட்டும் இருந்தது. பணியிடம் பற்றிய கருத்துரு இசைவுக்கே போகவில்லை. இது எனக்குத் தெரிய வந்தபோது இரண்டு கல்வியாண்டுகள் ஓடியிருந்தன.

ஒருநாள் தலைமையாசிரியை அந்த அறையைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு பவர் மிஷின்கள், பிரிக்காத பாலித்தீனுக்குள். ஒன்றின் உறையை விலக்கிப் பார்த்தேன். ஊசிக் கம்பியில் செந்துரு ஏறியிருந்தது, பெல்ட்டை எலி கடித்து நார் நாராகத் தொங்கியது. சுவரில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு மட்டும். பன்னிரண்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட்ட அது தாங்காது. மும்முனை இணைப்புக்கான செலவை மனுவில் நாங்கள் கேட்கவே இல்லை. டீச்சர் இல்லாததால் மாணவர் சேர்க்கையும் நின்றிருந்தது. அந்தப் பிரிவில் சேர இருந்த ஒரு பெண் பத்தாவதோடு திருப்பூருக்கு செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா எங்கள் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இன்றும் நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

ஆகவே, அறிவிப்பு வந்த வாரத்திலிருந்துதான் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பின் வாசகத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 'மேம்படுத்தப்படும்' என்றால் அதில் பணியிடம் உண்டா? எத்தனை பள்ளி, எத்தனை லட்சம், எந்த ஆண்டு? துறைத் தலைவரிடமிருந்து கருத்துரு போய்விட்டதா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், அதற்கு விளக்கம் தர வேண்டியதில்லை என்று முடித்துவிடுவார்கள். கோப்பு எண் என்ன, கடைசியாக எந்த நாளில் எந்த அலுவலரிடம் போனது, கருத்துருவின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். ஆணை வந்தபிறகும் மார்ச் 31-ஐ மறக்க வேண்டாம். அதற்குள் செலவாகாத பணத்தை சரண்டர் செய்து அரசுக்கே திருப்பிவிடுவார்கள்.

## 'ஆசிரியர் வேண்டும்' என்று மட்டும் எழுதுவது

2012-இல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். ஆசிரியர் கேட்ட பள்ளிக்கு ஆசிரியர் வந்தார் என்று கணக்கில் ஏறிவிட்டது. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். எனவே 'காலமுறை ஊதியத்தில் (அரசு ஊதிய விகிதப்படி) முறையான பணியிடம்' என்று எழுதுங்கள்.

சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்றும் கேளுங்கள். பள்ளிக்கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு நூற்றுக்கு 60, மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான பங்கு ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கணக்கில் தொங்கும் வேலை உங்கள் பள்ளியில் எத்தனை நாள் நிற்கும்?

## அகில இந்தியச் சராசரியில் ஆரம்பிப்பது

உங்கள் பள்ளியின் சொந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்பட்டிருக்கும் 11 இலக்க யுடைஸ் எண்ணில் ஆரம்பியுங்கள்.

## துறைச் செயலரை மட்டும் பார்த்துவிட்டு வருவது

கோப்பில் முதல் குறிப்பை எழுதுகிறவர் உதவிப் பிரிவு அலுவலர். அவருக்கு உங்கள் கோரிக்கை புரிந்திருக்க வேண்டும்.

## தேர்தல் ஆண்டில் அமைதியாக இருப்பது

2021-இல் பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கை, ஏப்ரல் 6-இல் வாக்குப்பதிவு, புதிய அரசின் திருத்திய அறிக்கை ஆகஸ்ட் 13-இல். நடத்தை விதிகள் அமலில் இருந்தபோது புது ஆணைகள் நின்றன. எல்லோரும் தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். நாங்கள் அந்த மாதங்களில் பழைய அறிவிப்புகளை எடுத்து, ஆணை வந்தது எது, கருத்துருவோடு நின்றது எது, ஒன்றுமே நடக்காதது எது என்று மூன்றாகப் பிரித்துக் கோப்பு எண்களோடு ஒரே தாளில் எழுதினோம். ஜூனில் புதிதாகப் பொறுப்பேற்ற அலுவலரிடம் அந்த ஒற்றைத் தாளைத்தான் கொடுத்தோம். அவர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டு, இரண்டாவது பட்டியலின் முதல் எண்ணை அப்போதே போனில் விசாரித்தார்.